பறக்கும் ரயிலில் ஒரு பகல்

மாமனார், மனைவி, மகள், நான் என்று நாலு பேர் சென்னை பார்க்கப் போயிருந்தோம். முதல் நாள் ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து மனைவி கணக்கு எழுதினாள். பார்த்த இடங்களுக்குக் கொடுத்தது சொற்பம். மிச்சமெல்லாம் ஆட்டோ, தண்ணீர் பாட்டில், ஜூஸ், மறுபடியும் ஆட்டோ. "இது ஊர் பார்த்த செலவு இல்லைங்க, அலுப்புக்கு ஆன செலவு" என்றாள். யோசித்தால் உண்மைதான். கால் வலித்தபோதெல்லாம் பர்ஸைத் திறந்திருக்கிறோம்.

மறுநாள் திட்டம் அவளுடையது. ஒரே ரயில் பாதை, வெயில் ஏறினால் நிழல். அவ்வளவுதான்.

கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 2007-ல்தான் வேளச்சேரியைத் தொட்டது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தூண்களின் மேல் போவதால் அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவே. டிக்கெட் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் சேப்பாக்கம் மைதானம், மொட்டை மாடிகளில் காயும் துணி, வடகம் எல்லாம் கண்ணுக்கு நேரே வரும். பக்கிங்காம் கால்வாய் வந்தால் மூக்கே சொல்லிவிடும்.

விடியும் முன்னே மெரினா போய்விட்டோம். மாலைக் கூட்டத்தில் மெரினா பார்ப்பவர்கள் பாதி மெரினாதான் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. சூரியன் கடலிலிருந்து எழும்பும் ஊர் இது. பிறகு நடந்தே திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில், பாரதியார் வாழ்ந்த வீடு இரண்டும் பக்கம் பக்கம்.

காலைச் சாப்பாடு மலிவு விலை அம்மா உணவகத்தில். மாமனாருக்குக் கொஞ்சம் கூச்சம். இட்லி 2013-ல் தொடங்கியபோது வைத்த அதே 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். டோக்கன் வாங்கி, தட்டை ஏந்தி, நின்றபடி சாப்பிட வேண்டும். நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டும் முப்பது ரூபாய் ஆகவில்லை. இரண்டாவது முறை டோக்கன் வாங்கப் போனவர் மாமனார்தான்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் கோட்டூர்புரம் போய் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, தரைத்தளத்துக்கு மேல் எட்டு மாடி. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஏசி உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, நாற்காலி உண்டு. முந்தைய நாள் நாங்கள் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் இதைத்தானே? முதல் மாடியில் குழந்தைகள் பிரிவு. நடுவில் ஒரு செயற்கை மரம். மகள் அதனடியில் உட்கார்ந்தவள், "சாப்பிட வா" என்றதற்கு "இந்தப் பக்கம் முடியட்டும்பா" என்று மூன்று தடவை சொன்னாள். மாமனார் தமிழ் நூல்கள் பக்கம் போனவர், மூன்று மணிக்குத்தான் கண்ணில் பட்டார்.

செலவைக் குறைக்கப் பேருந்து பற்றியும் ஒன்று. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர்ப் பெண்களுக்கும்தான். டீலக்ஸ் வண்டியில் இது செல்லாது. ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் மயிலாப்பூரின் திருமயிலை. நிலையம் ஒரு மண்டபம் போல விரிந்து கிடக்கிறது; இவ்வளவு இடத்தை என்ன செய்ய நினைத்துக் கட்டினார்களோ. கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில், பகல் சூடு இன்னும் ஆறாத கல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். மார்கழியில் போகிறவர்களுக்கு இன்னொரு யோகம். மயிலாப்பூர் சபாக்கள் பலவற்றில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. இளைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் குறைவு. எனக்கு அதுவே பிடிக்கும்.

அன்று ராத்திரி மறுபடி கணக்கு. எல்லாவற்றையும் விடப் பெரிய தொகை, மாட வீதியில் வாங்கிய ஒரு ஜோடி ஜிமிக்கி. அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் மனைவியின் குரல் கொஞ்சம் இறங்கிற்று.