கெண்டைக்காலில் ஓர் ஏற்றம்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியமும் உண்டு. ஏரியைக் காக்கவே ஒரு குழு!

நம் உடம்பிலும் அப்படியொரு நீர் நிர்வாகம் நடக்கிறது. இதயத்தில் 4 அறைகள், மதகு போல 4 வால்வுகள். வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே பிராணவாயுவை ஏற்றி வந்த இரத்தத்தை இடப்பக்கம் உடம்பெங்கும் தள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

கடைமடை போன ஏரித் தண்ணீர் திரும்பி வராது. இரத்தமோ சுற்றிச் சுற்றி வருகிறது. இதை 1628-இல் நூலாக எழுதி விளக்கியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி.

சரி, பாதத்து இரத்தம் மேலே ஏறுவது எப்படி? நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகிச் சிரைகளை அழுத்தி, இரத்தத்தை ஏற்றம்போல் மேலே இறைக்கிறது. அது மறுபடி கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் தடுக்கின்றன.

கடையிலோ வேலையிலோ மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்பவர்களே, நடுநடுவே நாலு அடி நடங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். உங்கள் உடம்புக்கு ஏரி வாரியம் நீங்கள்தான்!