கோட்டைத் தாண்டிய பந்து

(அறவாரியத்தின் இளைஞர் பிரிவு நடத்திய கூடைப்பந்து நடுவர் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



தேவாரமும் திருப்புகழும் ஒலிக்க வேண்டிய மேடையில் கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஆடுவதற்கு நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு நடுவராக நிற்க ஆள் கிடைப்பதில்லை. ஒருமுறை நின்ற பிள்ளை மறுமுறை வருவதில்லை. ஏன் தம்பி வரவில்லை என்று கேட்டால், "அன்னைக்கு அந்த வெளிப்பந்துக்கு எல்லாரும் சத்தம் போட்டாங்க சார்" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

கவனித்துப் பாருங்கள். முரட்டாட்டத்துக்குத் தண்டனை கொடுத்தால்கூட அவ்வளவு கூச்சல் எழுவதில்லை. பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது, கடைசியாகத் தொட்டது யார் என்ற இடத்தில்தான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கை நீட்டி "எங்கள் பந்து" என்று கத்துகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை. தாங்கள் தொடவில்லை என்றே உண்மையாக நம்புகிறார்கள். அதனால்தான் இது கடினமாகிறது.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சுற்றியுள்ள கோடு ஆடுகளத்தைச் சேர்ந்ததன்று. பந்து கோட்டைத் தொட்டாலே வெளிப்பந்துதான். ஆனால் கோட்டுக்கு மேலே காற்றில் பறக்கும் பந்து இன்னும் வெளியே போகவில்லை. உள்ளிருந்து தாவி, கால் தரையில் படுவதற்குள் அதைத் திருப்பி உள்ளே தட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். பார்வையாளர்கள் பலருக்கு இது தெரியாது. பந்து கோட்டைக் கடந்ததுமே எழுந்து நின்று விடுவார்கள். இதே போல, கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பவன்மேல் பந்து பட்டால், பந்து உள்ளே இருந்தாலும் வெளியே போனதாகவே கணக்கு. அதற்குக் காரணம் அவன்தான்.

மற்றபடி, கடைசியாகத் தொட்டவர் எந்த அணியோ அதன் எதிரணிக்குப் பந்து. சொல்வதற்கு எளிது. இரண்டு பேர் நான்கு கையால் ஒரு பந்தைத் தட்டும்போது கடைசி விரல் யாருடையது என்று எந்தக் கண்ணால் பார்ப்பது?

இந்தச் சிக்கல் ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் எழுதிய விதிகள் மொத்தம் 13. அவற்றில் ஒன்பதாவது விதி இந்த வெளிப்பந்தைப் பற்றியதுதான். அன்று கணக்கு வேறு. கடைசியாகத் தொட்டவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே போன பந்தை முதலில் ஓடிப்போய்த் தொடுபவனே உள்ளே எறியலாம் என்று வைத்தார். விளைவை நீங்களே ஊகிக்கலாம். பந்து எங்கே போனாலும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாடத்தில் விழுந்த பந்துக்காகப் படிக்கட்டில் முண்டியடித்து ஏறினார்கள். பின்னாளில் அந்த விதியைக் கைவிட்டு, கடைசியாகத் தொட்ட அணி பந்தை இழக்கும் என்று மாற்றினார்கள்.

ஆனால் அந்தப் பழைய ஒன்பதாம் விதியில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். தகராறு வந்தால் நடுவரே பந்தை நேராகக் களத்துக்குள் எறிந்துவிட வேண்டும் என்று அவர் அன்றே எழுதிவிட்டார். நடுவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. தெரியாத நேரம் ஒன்று வரும், அதற்கும் வழி வேண்டும் என்று நினைத்தார்.

இன்றைய அனைத்துலகச் சம்மேளனத்தின் விதியும் அதே வழியில்தான் போகிறது. கடைசியாகத் தொட்டது யார் என்பதில் நடுவர்களுக்கு ஐயம் இருந்தாலோ, இரண்டு நடுவர்களும் வேறு வேறு சொன்னாலோ, எதிரெதிர் அணியினர் இருவர் ஒரே நேரத்தில் தொட்டு வெளியே போனாலோ, அதை ஜம்ப் பால் நிலை என்கிறார்கள். முன்பெல்லாம் அப்போது நடுவர் பந்தை மேலே எறிவார், இருவர் தாவுவார்கள். 2003 முதல் அது ஆட்டத் தொடக்கத்துக்கு மட்டும்தான். பிறகு வரும் ஒவ்வொரு ஐயத்துக்கும் பதிவாளர் மேசையில் உள்ள அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். அது காட்டும் அணிக்குப் பந்து. அந்த அணி பந்தை உள்ளே எறிந்து முடித்ததும் அம்பு மறுபக்கம் திரும்பிவிடும். தொடக்கத் தாவலில் பந்தைப் பெறாத அணிக்கே முதல் அம்பு.

அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டங்களில் இம்முறை 1981லேயே வந்துவிட்டது. அந்நாட்டின் தொழில்முறை லீக்கில் இன்றும் தாவச் சொல்கிறார்கள். அம்பு முறை நியாயமில்லை என்பவர்களும் உண்டு. உயிரைக் கொடுத்துத் தடுத்து ஆடி, எதிரியின் கையிலிருந்த பந்தை இறுகப் பிடித்தவனுக்கு அம்பு எதிர்ப்பக்கம் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் ஆட்டத்துக்கு அம்புதான் நல்லது என்பேன். ஆறாம் வகுப்பில் ஒரு பையன் மூங்கில் போல வளர்ந்திருப்பான், அவனோடு தாவ வேண்டியவன் அவன் இடுப்பளவு இருப்பான். அங்கே பந்தை மேலே எறிவது தீர்ப்பாகாது.

இப்போது செய்முறை. இரண்டு நடுவர் நிற்கும்போது ஒருவருக்குக் கூடைக்குப் பின்னுள்ள இறுதிக் கோடும் தன்னை அடுத்த பக்கக் கோடும் பொறுப்பு. மற்றவருக்கு அவர் பக்கத்துக் கோடு. உங்கள் கோட்டில் பந்து போனால் விசில் உங்களுடையது. விசில் அடித்து, விரல்களை ஒட்டி உள்ளங்கையை விரித்துக் கையை உயர்த்துங்கள். கடிகாரம் நிற்கும். பார்த்திருந்தால் உடனே திசையைக் காட்டிவிடுங்கள். பார்க்கவில்லை என்றால் உங்கள் தோழரைப் பாருங்கள். உங்களுக்கு முதுகு தெரிந்த இடத்தில் அவருக்கு விரல் தெரிந்திருக்கும். அவர் பார்த்திருந்தால் சொல்வார். அவரும் பார்க்கவில்லையா? இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டிவிட்டு, அம்பைப் பார்த்துத் திசை சொல்லுங்கள். இவ்வளவும் மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிட வேண்டும்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது ஒன்று. எந்தப் பக்கம் பெரிதாகக் கத்தினார்களோ அந்தப் பக்கம் கை போய்விடும். மற்றது, எதற்கெடுத்தாலும் அம்பிடம் ஓடுவது. பட்டப்பகலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததைக்கூட "ஐயம்" என்று சொல்லி ஒதுங்குபவர் நடுவர் அல்லர். தமக்கு வரும் திட்டைத் தவிர்க்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன பந்தை அவர்களுக்குக் கொடுத்தோம், இந்தப் பந்தை இவர்களுக்குக் கொடுத்துச் சரிக்கட்டுவோம் என்று கடையில் சில்லறை கொடுப்பது போலக் கணக்குப் பார்க்காதீர்கள். மாற்றி மாற்றிக் கொடுக்கும் வேலைக்குத்தான் மேசையில் அம்பு இருக்கிறது. அந்த வேலை உங்களுடையதன்று.

நம் சமய நூலில் இதற்கு ஓர் அருமையான இடம் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் போட்டதை அனைவரும் அறிவீர்கள். திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கு நடந்தது. பக்தியோடு கேட்கும்போது இறைவன் ஆட்கொண்ட அருளைத்தான் நினைக்கிறோம். நான் அந்த அவையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை நினைப்பதுண்டு. வந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வழக்கோ அதுவரை கேள்விப்படாத வழக்கு. அந்தணர் அடிமையாவது உலக வழக்கிலேயே இல்லை என்று முதலில் சொன்னார்கள். ஆனால் அதோடு எழுந்து போய்விடவில்லை. நெடுநாள் வழக்கம், எழுத்து, கண்டவர் சாட்சி ஆகியவற்றில் ஒன்றால் நிறுவுங்கள் என்று கேட்டார்கள். கிழித்தெறியப்பட்டது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். அவையினர் அதை வாங்கிப் பார்த்தார்கள். சுந்தரருடைய பாட்டனாரின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்திருந்தன. ஊரே மணக்கோலத்து இளைஞன் பக்கம் இருந்தபோதும் தீர்ப்பு முதியவர் பக்கம் போயிற்று.

இன்று பெரிய போட்டிகளில் காணொளிப் பதிவைத் திருப்பிப் பார்க்கிறார்கள். நான்காம் கால் பகுதியின் கடைசி 2 நிமிடங்களிலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடங்களிலும் வெளிப்பந்துக்குக் காரணமானவர் யார் என்று நடுவர் பதிவில் பார்க்க விதி இடம் தருகிறது. அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் களத்தில் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். பதிவில் தெளிவான, ஐயமற்ற சான்று இருந்தால்தான் அதை மாற்றலாம். படமும் தெளிவில்லை என்றால் முதலில் சொன்னது நிற்கும். கருவி வந்த பிறகும் ஐயம் ஒழியவில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நம் சமூக மண்டபத்துப் போட்டிக்கு அந்தக் கருவி வரப்போவதுமில்லை. பெற்றோர் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அன்போடு நன்றி சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

அம்பு இல்லாத ஓர் இடத்தையும் சொல்கிறேன். அது வேறு ஆட்டம், ஆனால் நடந்தது நம் ஊரில். இந்த மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போய்விடலாம். 1975 மார்ச் 15. உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். நம் மலேசிய அணி அரையிறுதியில் இந்தியாவிடம் 3க்கு 2 என்று தோற்று வெளியேறியிருந்தது. அந்த வருத்தம் இன்னும் சிலருக்கு ஆறவில்லை. இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் முதலில் கோல் போட்டது. சுர்ஜித் சிங் சமன் செய்தார். பிறகு தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு, கண் இமைக்கும் நேரத்தில் வெளியே தெறித்து வந்துவிட்டது.

உள்ளே போனதா, இல்லையா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் இல்லை என்றார்கள். ஹாக்கியில் பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல். கூடைப்பந்து போலக் கோட்டைத் தொட்டால் போதாது. அன்று கோலுக்குக் காணொளி உதவியும் கிடையாது. விசில் மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் கையில் இருந்தது. கோல் என்றார். இந்தியா 2க்கு 1 என்று வென்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்ஸ் அந்த அணியில் இருந்தார் என்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 2023 வரை நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் இந்திய ஆடவர் அணி வென்றது அந்த ஒரு முறைதான்.

கோலைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. இந்த முறை உனக்கு, அடுத்த முறை அவனுக்கு என்று அம்பு திருப்பவும் முடியாது. அத்தகைய இடத்தில் நடுவருக்கு உதவுவது ஒன்றுதான். அந்த நொடியில் அவர் எங்கே நின்றார் என்பது. பந்து வருவதற்கு முன்பே ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நின்றவருக்குக் கண் துணை செய்யும். பின்தங்கி நடந்து வந்தவருக்கு எந்தத் தெளிவும் உதவாது. ஆகவே இன்று பயிற்சியில் உங்களைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வதைவிட ஓடச் சொல்வதே அதிகமாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடைப்பந்து இந்நாட்டில் பெரும்பாலும் சீன நண்பர்கள் வளர்த்த ஆட்டம். 1989இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டில் மலேசிய ஆடவர் தங்கம் வென்றார்கள். அத்தகைய ஆட்டத்தில் நம் பிள்ளைகள் இப்போதுதான் அடியெடுத்து வைக்கிறார்கள். ஆட்டக்காரராக ஆக முடியாத பிள்ளைகூட நடுவராகப் படிப்படியாக மேலே போகலாம். அதற்கு முதலில் இரண்டு மூன்று பருவம் அந்தப் பிள்ளை களத்தில் நிலைத்து நிற்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டும்போது, "பார்க்கத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அவள் பார்க்கவில்லை என்பதைத்தான் விதிப்படி உங்களுக்குத் தெரிவிக்கிறாள்.

நேரம் ஆகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் திடலுக்குப் போக வேண்டும். மேசையில் உட்காருபவர்கள் அம்புக்குறி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்துக்கு இதுவரை விசில் பிடிக்காத இருவரை நிறுத்தப் போகிறோம்.