மீட்ட சேவலுக்கு ஒரு வீடு

கேளிக்கைக்காகச் சேவல்களை மோதவிடுதல், நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆனால், களத்திலிருந்து ஒரு சேவலை மீட்டதோடு நம் கடமை முடிந்துவிடுமா?

பறவை தன் நோவை மறைக்கும் இயல்புடையது. நிமிர்ந்து நிற்கிறதே என்று வாளாவிருத்தல் ஆகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டல் வேண்டும். தூக்கிச் செல்கையில் மார்பை இறுக்கலாகாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு.

புண் ஆறியதும் பிற கோழிகளோடு சேர்த்துவிடலாமா? கூடாது. வெள்ளைக்கழிச்சல் நோய், அறிகுறி தோன்றுமுன்னரே பரவக்கூடும். ஆதலின், ஒரு திங்கள் தனியே வைத்துப் பேணுதல் நன்று.

பின்னர், வேறு சேவல் இல்லாத, பெட்டைகள் உள்ள வீடே அதற்கு ஏற்றது. பந்தயக்காரரிடமே அது திரும்புமாயின், இட்ட மருந்தெல்லாம் அடுத்த போருக்கே பயன்படும். பெறுபவர் யார் என அறிந்து கொடுப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.