முன்பாரமும் பின்பாரமும்

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் திருவனந்தபுரக் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூருக்கு விரைந்து பல உயிர்களைக் காத்தனர். லாரி கிட்டாத வேளையில், சிறு படகை டிரெய்லரில் வைத்து நடுத்தரப் பிக்கப் வண்டியின் பின்னே பூட்டவும் இயலும். ஆயின் குதிரைத்திறனை மட்டும் கண்டு வண்டியைத் தேர்ந்தெடுத்தல் தகாது. இழுப்பதினும் நிறுத்துவதே அரிது. பாரமான டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும்.

நம் மாட்டுவண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்தே மூட்டை அடுக்குவர். ஈண்டும் அதுவே கணக்கு. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொக்கியின்மேல் அமர்தல் நன்று; 1,500 கிலோவுக்கு 150 கிலோ. மிகக் குறைந்தால் டிரெய்லர் பாம்பென நெளியும். அந்த 150 கிலோவும் பிக்கப் தாங்கும் சுமையிலேயே கழியும் என்பதைப் பலர் மறப்பர். ஐவர் ஏறியமர்ந்தால் மிச்சம் சுருங்கிவிடும். இழுவை வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடுவதுண்டு. ஆதலின் தயாரிப்பாளர் இந்திய வண்டிக்கு விதித்த வரம்பையே கொள்க.