தனுஷ்கோடி இரயில் நிலையம்
(ஜூபிலி மாலைக் கூட்டத்தில் நம் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் ஆலய வரலாற்றைப் பேசுவதே வழக்கம். நான் இன்று ஓர் இரயில் நிலையத்தின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். காரணம் முடிவில் விளங்கும்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் பயனாகத் தனுஷ்கோடிக்கு இரயில் வந்தது. சென்னை எழும்பூரில் ஏறியவர் அங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு செல்வார். 'போட் மெயில்' என்ற பெயர் அதனால் வந்ததே. நிலையத்தையொட்டிச் சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மருத்துவமனை, ஆலயம் என ஓர் ஊரே விளங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் ஏழை மக்கள் எத்தனையோ பேர் தாய்மண்ணில் கடைசியாகக் கால் ஊன்றியது அந்தத் துறையில்தான்.

1964 டிசம்பர் 22. கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள். அன்றிரவு பெரும் புயல் வீசியது. பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பயணிகள் வண்டி நிலையத்தை நெருங்கிய வேளையில் பேரலை அதை மூடிற்று. அதில் சென்றவர் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது.

சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிக்கோ வண்டி திரும்பவே இல்லை. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் பாம்பனில் புதிய பாலமும் திறக்கப்பட்டது. அங்கே கூரையிழந்த ஆலயச் சுவர்களும் நிலையத்தின் இடிபாடுகளும் இன்றும் நிற்கின்றன.

பாலம் செப்பனிட்ட நாட்களை எண்ணிச் சொல்கிறோம். அந்த வண்டியில் மாண்டவர் எத்தனை பேர்? நூற்றுக்கு மேல் என்பார் சிலர். இருநூறு என்பார் சிலர். சீட்டில்லாமல் ஏறிய ஏழைகளை யார் எண்ணினார்கள்?

இப்போது நம் ஆலயத்துக்கு வருகிறேன். நன்கொடை தந்தோர் பெயர்களைப் பளிங்கில் பொறித்தோம். கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், ஞாயிறுதோறும் பிடியரிசி கொண்டுவந்த தாய்மார் பெயர்கள் எங்கே? இம்மலருக்குப் பட்டியல் எழுதியபோது நானும் அவர்களை மறந்தேன். தவறு என்னுடையதே.

பெரியவர்களே, கூட்டம் முடிந்ததும் அறைவீட்டுக்கு வாருங்கள். உங்களுக்கு நினைவிருக்கும் பெயர்களைச் சொல்லுங்கள். நானே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன். நினைவுள்ளவர்கள் நம்மோடு இருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.