தந்தையின் கடனும் மகனின் கணக்கும்

கி.மு. 597இல் பாபிலோனியர் எருசலேமைப் பணியவைத்து, அரசன் யோயாக்கீனோடு சிறைப்பிடித்துச் சென்றவர்களுள் எசேக்கியேல் என்னும் குருவும் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில் குடியேற்றப்பட்ட அம்மக்கள், தந்தையர் தின்ற புளித்த திராட்சைக்காகப் பிள்ளைகளின் பற்கள் கூசுகின்றன என்ற பொருளில் ஒரு பழமொழியைச் சொல்லி, தம் துன்பத்துக்கு முன்னோரே காரணமென்று ஆறுதல் தேடினர். அப்பழமொழியை இனி வழங்கலாகாது என அவர் மறுத்த இடத்தில்தான், இறைவாக்குரைத்து அரசரையும் மக்களையும் ஒருங்கே இடித்துரைத்த தீர்க்கதரிசிகளின் மரபில், தனிமனிதப் பொறுப்பு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது.

அவர் பெயரால் வழங்கும் நூலின் 18ஆம் அதிகாரம், நீதிமன்ற விசாரணைபோல, நேர்மையான தந்தையையும், கொடியவனாகிய மகனையும், அக்கொடுமையைக் கண்டு விலகி நடந்த பேரனையும் வரிசையாக நிறுத்தி, அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பென்று தீர்க்கிறது. அங்கே நேர்மை வழிபாட்டால் மட்டும் அளக்கப்படுவதில்லை; பசித்தவனுக்கு உணவிட்டானா, வட்டி வாங்காதிருந்தானா, கடன்பட்டவனின் அடகைத் திருப்பித் தந்தானா என்பனவும் கேட்கப்படுகின்றன. 33ஆம் அதிகாரமோ, மனந்திரும்பிய தீயவன் அடகையும் பறித்த பொருளையும் உரியவனிடம் சேர்க்கவேண்டும் என்கிறது. ஆகவே, இழப்பை ஈடுசெய்யாத கண்ணீரை எசேக்கியேலின் போதனையில் மனந்திரும்புதலாகக் கொள்ள இடமில்லை.

கடனையும் அடகையும் பற்றிய இது, தமிழ்நாட்டின் மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று பேசத்தக்க போதனையே. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கி உப்பு வாரும் வேலை நின்றுவிட்டால், அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு வருமானம் அற்றுப்போகிறது. இதை உணர்ந்தே தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. எசேக்கியேலும் இத்தகைய நிலத்தை மறந்தவர் அல்லர்: கோயிலிலிருந்து பாயும் ஆறு உப்புக்கடலையே நன்னீராக்கும் எனக் காட்சி கண்டபோதும், சதுப்பு நிலங்களை அவர் உப்புக்கென்றே விட்டுவைத்தார்.

வருமானமற்ற மாதங்களில் வாங்கும் கடன், வாங்கியவனோடு முடியாமல் அவன் பிள்ளையின் உழைப்பையும் பிணைப்பது இந்தியாவில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், மரபுவழியாக வந்த கடமையை முன்னிட்டு உழைப்பைப் பிணைப்பதையும் கொத்தடிமை முறையாகவே வரையறுத்து, அத்தகைய கடன்களைத் தீர்ந்தவையாக அறிவித்ததோடு, அவற்றுக்காக அடகில் வைத்துக்கொண்ட உடைமையைத் தொழிலாளியிடமே மீண்டும் ஒப்படைக்கவும் ஆணையிட்டது.