ஓய்வு வயதில் ஒரு புறப்பாடு



நம் மாநிலத்தில் அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60. அரியலூர் சிமென்ட் ஆலைகளிலும் பெரம்பலூர்ப் பள்ளிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. மாலையும் பொன்னாடையும் வாங்கிய மறுநாள் காலையில் என்ன செய்கிறோம்?

இயேசு சபைக் குரு பியர் செராக் 1914-இல் பிரான்சில் பிறந்தவர். 1937-இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, மாணவரிடையேயும் ஏழை உழவரிடையேயும் பணியாற்றினார். 1980-இல் அவருக்கு வயது 66. அந்த வயதில் தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டார். போல் பாட் ஆட்சியின் கொடுமைக்கும் போருக்கும் தப்பிய கம்போடிய மக்கள் அங்கே முகாம்களில் குழந்தைகளோடு தவித்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேல் அவர்களோடு இருந்தார். பின்னர் சென்னைக்குத் திரும்பி ஆதரவற்ற குழந்தைகளுக்காக உழைத்தார். 2012-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

இறைவன் அழைத்தபோது ஆபிரகாமுக்கு வயது 75 என்கிறது தொடக்கநூல். அழைப்புக்கு வயது வரம்பு கிடையாது.

மூட்டுவலியும் சர்க்கரை நோயும் உள்ள நாம் எல்லாரும் கடல் கடக்க இயலாது. ஆனால் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன தந்தையரின் பிள்ளைகள் நம் தெருவிலேயே வளர்கிறார்கள். மாலையில் அவர்களுக்குப் பாடம் சொல்லித் தரலாம். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று விசாரிக்கலாம். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098-ஐ அழைக்கலாம்.

நம்மிடம் நேரம் இருக்கிறது. அவர்களுக்கோ கேட்க ஆளில்லை. இந்த வாரமே ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டு அறிவோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.